சார்பு நீங்கிய சொல்: ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் ‘ஆனஸ்ட்’

ஆய்வுச்சுருக்கம்

‘ஆனஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று பெரும்பாலும் பொய் சொல்லாத, ஏமாற்றாத என்ற பொருளிலேயே வழங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு மதிப்பு, கற்பு, வாய்மை, பணியாளின் விசுவாசம், தோழமை எனப் பல பொருள்கள் ஒருங்கே இருந்தன. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் இச்சொல் ஆளப்படும் முறையை, பலபொருள் ஒருசொல் பற்றித் தொல்காப்பியம் கூறும் நெறியோடும் வில்லியம் எம்ப்சன், சி. எஸ். லூயிஸ் ஆகியோரின் கருத்துகளோடும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சூழல் பொருளைத் தெளிவிக்கும் என்ற நம்பிக்கையை இயாகோ எவ்வாறு முறிக்கிறான் என்பதே ஆய்வின் மையம். அதிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்புக்கு எழும் சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பலபொருள் ஒருசொல், சார்பு, ஒத்தெல்லோ, எம்ப்சன், சொற்பொருள் மாற்றம், மொழிபெயர்ப்பு, யோக்கியம்

சொல்லின் பின்புலம்

கல்லூரி வகுப்பறையில் ‘ஒத்தெல்லோ’வைப் படிக்கும் தமிழ் மாணவர், இயாகோவுக்கு ‘ஆனஸ்ட்’ என்ற அடைமொழி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டதும் அதனை நாடக முரண் என்று குறித்துக்கொள்கிறார். பொய்யனை நேர்மையாளன் என்கிறார்கள், பார்ப்போருக்கு உண்மை தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. தேர்வுக்கு இவ்விளக்கம் போதும். ஆனால் இதே சொல் டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் பியாங்காவுக்கும் வருவதையும், ஒவ்வோரிடத்திலும் வேறு வேறு எடையோடு வருவதையும் இவ்விளக்கம் தொடுவதே இல்லை. நாடகம் முழுவதும் ‘ஆனஸ்ட்’, ‘ஆனஸ்டி’ ஆகிய வடிவங்கள் 52 இடங்களில் வருகின்றன என்று எம்ப்சன் கணக்கிட்டார். ஒரு முரணைக் காட்ட ஐம்பத்திரண்டு இடங்கள் தேவையில்லை.

சொல்லின் வேர் இலத்தீனில் மதிப்பைக் குறிக்கும் சொல். அதிலிருந்து பிறந்த ‘ஒனெஸ்துஸ்’ என்பது மதிப்புப் பெற்றவன், மதிக்கத் தக்கவன் என்று பொருள்பட்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் இப்பொருளே முதன்மையாக இருந்தது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மதிப்பு ஒருவரின் உள்ளத்தில் இருக்கும் பண்பு அன்று. பிறர் அவருக்கு அளிப்பது. ஊர் மதித்தால் ஒருவன் ‘ஆனஸ்ட்’. ஊர் மதிப்பை எடுத்துக்கொண்டால் அவன் அவ்வாறு இல்லை. பிற்காலப் பொருள்கள் அனைத்திலும் இப்பழைய பொருளின் நிழல் படிந்திருக்கிறது.

மதிப்பு எதில் தங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பெண்ணின் மதிப்பு அவள் உடலின் தூய்மையில் இருப்பதாகக் கொண்ட சமூகத்தில், பெண்ணைக் குறிக்கும்போது இச்சொல் கற்புடையவள் என்று சுருங்கியது. ஆணுக்கு அது சொன்ன சொல் தவறாமை என்றாயிற்று. பணியாளனுக்கு எசமானிடம் உண்மையாக உழைத்தல் என்றாயிற்று. மேல்நிலையில் உள்ளவர் கீழ்நிலையில் உள்ளவரைத் தோளில் தட்டிப் பேசும்போது, நல்ல பிள்ளை என்று சொல்வது போன்ற ஒரு விளியாகவும் இச்சொல் பயன்பட்டது. பிரெஞ்சு மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ஒனெத்’ பதினேழாம் நூற்றாண்டில் பண்பட்ட கனவானின் இலட்சியத்தையே குறித்தது. பெண்ணுக்கு வரும்போது அதுவும் கற்பு என்றே பொருள்பட்டது. ஆங்கிலம் இப்பொருள்களை மெல்ல மெல்ல உதிர்த்துவிட்டது. உறவு கொண்ட பெண்ணை ஆண் மணந்துகொள்வதை, அவளை ‘ஆனஸ்ட்’ ஆக்குதல் என்று கேலியாகக் கூறும் ஒரு தொடர் மட்டும் பழைய பொருளின் எச்சமாக நிற்கிறது. இன்று ஆங்கிலத்திலும், தமிழர் பேச்சில் கலந்து வரும் ஆங்கிலத்திலும் உண்மையைச் சொல்லப்போனால் என்று தொடங்குவதற்கே இச்சொல் அதிகம் பயன்படுகிறது.

லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் இத்தகைய இடர் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். பழைய நூலில் ஒரு சொல்லைக் காணும் வாசகர், தம் காலத்தில் அதற்கு மேலோங்கியுள்ள பொருளையே அங்கும் ஏற்றிப் படிப்பார். அப்பொருளும் ஓரளவு பொருந்திவிடுவதால் பிழை நிகழ்ந்தது அவருக்குத் தெரிவதில்லை. அதனை ஆபத்தான பொருள் என்றார் லூயிஸ். ‘ஆனஸ்ட்’ அவர் எடுத்துக்கொண்ட சொற்களுள் ஒன்றன்று. எனினும் அக்கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அரிது.

இரண்டாம் அங்கத்திலேயே இதைக் காணலாம். குடிபோதையில் காசியோ சண்டையிட்டபின், நடந்ததைக் கூறுமாறு ஒத்தெல்லோ இயாகோவைக் கேட்கிறான். இயாகோ தயங்கித் தயங்கிக் காசியோவுக்குப் பரிந்து பேசுவதுபோல் சொல்கிறான். அதைக் கேட்ட ஒத்தெல்லோ, இயாகோவின் ‘ஆனஸ்டி’யும் அன்புமே குற்றத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்கிறான். இன்றைய பொருளில் இக்கூற்று நிற்காது. குற்றத்தைக் குறைத்துக் காட்டுபவன் உண்மை பேசுபவன் அல்லன். தோழனைக் காட்டிக்கொடுக்காத நல்ல மனம் என்பதே இங்கு அச்சொல்லின் பொருள். அதாவது, உண்மையை மறைப்பதற்கே இங்கு அப்பெயர் கிடைக்கிறது. இரவு முடிவதற்குள் காசியோவும் அதே அடைமொழியைச் சொல்லி இயாகோவிடம் விடைபெறுகிறான்.

சூழல் காக்குமா?

பல பொருள் கொண்ட ஒரு சொல்லைக் கேட்பவர் குழம்பாமல் இருப்பது எவ்வாறு? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு விடை கூறுகிறார். வினையால் வேறுபடும் பலபொருள் ஒருசொல், அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்படும். உரையாசிரியர் காட்டும் ‘மா’ இதற்கு நன்கறிந்த சான்று. பூத்தது என்றால் அது மரம். மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னாலும் மரமே. கவசம் அணிந்து நிற்பவன் மாவைக் கொண்டுவா என்றால் அது குதிரை. வினையால் வேறுபடாத சொற்களும் உள்ளன. அவற்றை ஆளும்போது, ஒன்றைக் குறித்துச் சொல்பவன் அதனை வெளிப்படத் தெரித்துச் சொல்ல வேண்டும் என்கிறது அவ்வியல். பொருள் தெளிவுக்கான பொறுப்பு இங்குக் கேட்பவனிடமிருந்து சொல்பவனுக்கு மாறுகிறது. தமிழ்ச் சொற்பொருள் ஆய்வில் இம்மாற்றம் உரிய அளவு பேசப்படவில்லை.

லூயிஸும் ஏறத்தாழ இதே திசையில் செல்கிறார். சூழலுக்குக் காப்பிடும் ஆற்றல் உண்டு. ஒரு பொருளில் சொல்லை ஆளும்போது மற்றப் பொருள்கள் மனத்துக்கு வராதவாறு சூழல் தடுத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. மின்கம்பியின் மேலுறை போன்ற காப்பு அது.

எம்ப்சன் நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். பல்பொருண்மையின் ஏழு வகைகளை 1930இல் ஆராய்ந்த அவர், 1951இல் வெளிவந்த ‘சிக்கல் சொற்களின் அமைப்பு’ பற்றிய நூலில் அகராதிகளின் முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியை அவர் அளவுக்குப் பயன்படுத்திய திறனாய்வாளர் குறைவு. அதனோடு அவ்வளவு சண்டையிட்டவரும் குறைவு. அகராதி பொருள்களை எண்ணிட்டுத் தனித்தனி அறைகளில் அடைக்கிறது. பேச்சிலோ அப்பொருள்கள் ஒன்றோடொன்று சமன்பாடாக இணைந்து, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு கொள்கையைச் சொல்லுக்குள்ளேயே சுருட்டி வைக்கின்றன. வெளிப்படப் பேசும் முரடன் மனத்தில் கள்ளம் இல்லாதவன் என்று யாரும் வாதிட்டு நிறுவுவதில்லை. ‘ஆனஸ்ட்’ என்று சொன்னாலே போதும், அவ்வாதம் ஏற்கப்பட்டுவிடுகிறது. அந்நூலில் ‘ஒத்தெல்லோ’ இயல் இச்சொல்லைப் பற்றியதே.

இவ்விரு நிலைகளில் எது சரி என்று பொதுவில் தீர்ப்பது கடினம். அன்றாடப் பேச்சில் லூயிஸின் கருத்தே பெரும்பாலும் உண்மை. ஆனால் ‘ஒத்தெல்லோ’ அன்றாடப் பேச்சு அன்று. சூழலின் காப்பைத் திட்டமிட்டுக் கழற்றும் ஒருவன் நடுவில் நிற்கும் நாடகம் அது. எம்ப்சன் சொல்லின் உள்ளமைப்பை நுட்பமாகக் காட்டினார். அவ்வமைப்பை ஒரு பாத்திரம் கருவியாக்கும் செயலை அவர் அவ்வளவாகப் பின்தொடரவில்லை. தொல்காப்பியரின் மூன்று துணைகளை வைத்துப் பார்த்தால் அச்செயல் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி

ஒத்தெல்லோவின் காதல் நாள்களில் காசியோ இருவருக்கும் இடையே தூது சென்றவன். இதனை அறிந்துகொண்டதும் இயாகோ வியப்புத் தோன்ற ஓர் ஒலி எழுப்புகிறான். அதனால் சற்றுத் துணுக்குற்ற ஒத்தெல்லோ, இதில் என்ன கண்டாய், அவன் ‘ஆனஸ்ட்’ அல்லனா என்று கேட்கிறான். சொல்லை முதலில் எடுப்பவன் ஒத்தெல்லோவே என்பது முக்கியம். அவன் வாக்கில் அதற்கு எழுவாய் உண்டு, வினை உண்டு, தூதன் என்ற சார்பும் உண்டு. தூதனாக நம்பத் தக்கவனா என்பதே அவன் வினா.

இயாகோவின் மறுமொழியில் இவற்றில் ஒன்றும் இல்லை. அச்சொல்லை மட்டும், தலைவனை விளிக்கும் ஒரு சொல்லோடு, வினாவாகத் திருப்பிச் சொல்கிறான். எழுவாய் போயிற்று, வினை போயிற்று, உடன்வரும் இனச்சொல் இல்லை, தூதன் என்ற சார்பும் கழன்றது. சொல் அம்மணமாக நிற்கிறது. ஒத்தெல்லோ மீண்டும் அதையே சொல்கிறான்; இப்போது அவன் வாயிலும் அது தனிச்சொல்லாகவே வருகிறது. ஒரு நொடியில் இயாகோவின் பேச்சுமுறை அவனுக்குத் தொற்றிவிட்டது. அடுத்து ‘எண்ணுதல்’ என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்கிறது. தன் சொற்களை இவன் எதிரொலிக்கிறான், காட்டக் கூடாத ஏதோ ஒரு கொடிய உரு இவன் எண்ணத்தில் இருப்பது போலிருக்கிறது என்று ஒத்தெல்லோவே முறையிடுகிறான். அவன் கண்டது சரி. எதிரொலி என்பது சார்பு நீங்கிய சொல். அதில் எப்பொருளையும் கேட்பவன் நிரப்பிக்கொள்ளலாம்.

குறித்தோன் தெரித்து மொழிய வேண்டும் என்ற கடமையை இயாகோ இக்காட்சி முழுவதும் மறுத்துக்கொண்டே இருக்கிறான். ஒத்தெல்லோ வற்புறுத்த வற்புறுத்த, மனத்தில் இருப்பதைச் சொல்லும் கட்டாயம் அடிமைக்கும் இல்லை என்று நழுவுகிறான். இடையில் காசியோ ‘ஆனஸ்ட்’ என்றே தான் எண்ணுவதாக ஒப்புக்கொள்கிறான். ஆனால் மனிதர் தோற்றத்துக்கு ஒத்தவராக இருத்தல் வேண்டும் என்ற பொதுமொழிக்குப் பிறகு அந்த ஒப்புதல் மறுப்பாகவே விழுகிறது. பின்னர் ஆண் பெண் இருவரின் நற்பெயர் பற்றிப் பேசுகிறான். பொறாமை வேண்டாம் என்கிறான். டெஸ்டிமோனா தந்தையை ஏமாற்றி மணந்தவள் என்று நினைவூட்டுகிறான். நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் கழித்து ஒத்தெல்லோ, டெஸ்டிமோனா ‘ஆனஸ்ட்’ அல்லள் என்று தான் நினைக்கவில்லை என்கிறான்.

காசியோவைப் பற்றிய வினாவாகத் தொடங்கிய சொல் டெஸ்டிமோனாவைப் பற்றிய விடையாக முடிந்திருக்கிறது. இடையில் அவள் கற்பை இயாகோ வெளிப்படையாக ஐயுறவே இல்லை. ஆணுக்கு நம்பகம் என்று பொருள்பட்ட சொல், பெண்ணுக்குக் கற்பு என்று பொருள்படும் வேறு அறைக்குள் தானாகவே நுழைந்துவிட்டது. இருவருக்கும் இரு சொற்கள் இருந்திருந்தால் ஒத்தெல்லோ காசியோவை ஐயுற்ற பிறகும் மனைவியை ஐயுற ஒரு படி தாண்ட வேண்டியிருக்கும். அந்தப் படி ஆங்கிலத்தில் இல்லை. அது இல்லாததையே இயாகோ பாதையாக்கிக்கொண்டான். அவன் பொய்களைவிட இந்தச் சொல்மாற்றம் ஆழமான கேடு. கைக்குட்டை பின்னால்தான் வருகிறது. ஒரு கைக்குட்டைக்காக இவ்வளவு பெரிய துயரமா என்று 1693இல் தாமஸ் ரைமர் எள்ளினார். அவர் கேலி செய்தது, மனைவியைப் பற்றிய தீர்ப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்ட பிறகு கிடைத்த சான்றை.

அக்காட்சியில் இன்னொரு திருப்பமும் உண்டு. வெளிக்கண்ணால் காணத்தக்க சான்று வேண்டுமென்று ஒத்தெல்லோ இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். வெளிப்படையாகவும் ‘ஆனஸ்ட்’ ஆகவும் இருப்பது பாதுகாப்பன்று என்று இயாகோ உலகை நோக்கிப் புலம்பி, பணியை விட்டு விலகப் போவதுபோல் திரும்புகிறான். ஒத்தெல்லோ தடுக்கிறான். அடுத்து அவன் சொல்வது கூர்ந்து நோக்கத் தக்கது: மனைவி ‘ஆனஸ்ட்’ என்றும் எண்ணுகிறேன், அல்லள் என்றும் எண்ணுகிறேன், நீ ‘ஜஸ்ட்’ என்றும் எண்ணுகிறேன், அல்லன் என்றும் எண்ணுகிறேன் என்கிறான். இருவரில் ஒருவர்தான் உண்மையாக இருக்க முடியும் என்ற நெருக்கடியில் அவன் இருவருக்கும் இரு சொற்களைப் பிரித்துக் கொடுக்கிறான். மனைவிக்கு ஒன்று, பணியாளனுக்கு மற்றொன்று. கட்டு அவிழ இதுவே கடைசி வாய்ப்பு. ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியில், இருளில் காசியோவின் அலறலைக் கேட்டு அவன் இறந்ததாக ஒத்தெல்லோ நம்பும்போது, இயாகோவை ‘ஆனஸ்ட்’ என்றும் ‘ஜஸ்ட்’ என்றும் ஒரே மூச்சில் போற்றுகிறான். இரு சொற்களும் இயாகோவிடம் சேர்ந்துவிட்டன. மனைவிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கிருந்து அவன் நேரே படுக்கையறைக்குச் செல்கிறான்.

பணியாளனின் மனக்குறை

1904இல் ஏ. சி. பிராட்லி, இயாகோவைப் பற்றிப் பேசும் எவர் நாவிலும் இச்சொல்லே முதலில் எழுகிறது என்றும், சுமார் பதினைந்து முறை அவனுக்கு இது சூட்டப்படுகிறது என்றும் குறித்தார். அதனை அவன் வேடத்தின் வெற்றியாகவே அவர் கண்டார். எம்ப்சன் அதற்கு அடியில் ஓர் அவமதிப்பைக் கண்டார். இது அவர் பங்களிப்பு. தளபதி ஒத்தெல்லோவை உலகம் மேன்மையானவன், வீரன் என்று அழைக்கிறது. அடுத்த பதவிக்கு உயர்த்தப்படாத கொடியேந்தியை மட்டும் நல்லவன், உண்மையானவன் என்கிறது. உயர்த்த மனமில்லாதவர் கொடுக்கும் ஆறுதல் பரிசு போன்றது அது.

நாடகத்தில் இச்சொல்லை முதலில் உச்சரிப்பவன் இயாகோவே. எசமானின் கழுதைபோல் உழைத்து, தீவனத்தைத் தவிர வேறொன்றும் பெறாமல், முதுமையில் துரத்தப்படும் பணியாளர்களைப் பற்றி ரொடரிகோவிடம் சொல்லி, அத்தகைய ‘ஆனஸ்ட்’ ஆள்களைச் சாட்டையால் அடிக்க வேண்டும் என்கிறான். அவனுக்கு அச்சொல்லின் பொருள் ஏமாளி. பிறர் பாராட்டாகச் சூட்டும்போதெல்லாம் அவன் காதில் இது ஒலித்திருக்கும். போர்வீரன் கபடமற்றவனாக இருக்க வேண்டும் என்ற நாடக மரபை ஷேக்ஸ்பியர் மீறிவிட்டார் என்பது ரைமரின் மற்றொரு குற்றச்சாட்டு. அம்மரபு மீறப்படவில்லை, அதுவே இயாகோவின் முகமூடி.

நான்காம் அங்கத்தில் சாட்டை மீண்டும் வருகிறது. டெஸ்டிமோனாவைப் பற்றி ஒத்தெல்லோவிடம் யாரோ ஓர் அயோக்கியன் அவதூறு சொல்லியிருக்கிறான் என்று எமிலியா கொதிக்கிறாள்; அத்தகையவர்களை உலகெங்கும் அடித்து விரட்ட ஒவ்வொரு ‘ஆனஸ்ட்’ கையிலும் வானம் ஒரு சாட்டையைத் தரட்டும் என்கிறாள். அவள் இதைச் சொல்வது கணவன் இயாகோவின் முன்னிலையில். முதற்காட்சியில் அடிபட வேண்டியவராக இருந்த நல்லவர் கைக்கே இங்குச் சாட்டை மாறுகிறது. மெதுவாகப் பேசு என்று மட்டும் இயாகோ சொல்கிறான்.

மூன்று பெண்கள்

எம்ப்சனின் இயலில் பெரும்பங்கு இயாகோவுக்கே. பெண்கள் வாயில் இச்சொல் படும் பாட்டை அவர் அந்த அளவுக்கு விரித்துரைக்கவில்லை. இது குறையே, சொல்லின் இரட்டை அளவுகோல் வெளிப்படுவது அங்குதான்.

டெஸ்டிமோனா இயாகோவை ‘ஆனஸ்ட்’ என்று எமிலியாவிடம் பாராட்டுகிறாள். தன்னைப் பற்றி அவள் அச்சொல்லை ஆளும் இடம் வேறு. கணவன் தன்னை அவ்வாறு மதிப்பதாக நம்புவதாகத் தாழ்ந்து சொல்கிறாள். ஒத்தெல்லோவின் மறுமொழி கசாப்புக்கூடத்து ஈக்களைப் பற்றியது. அவள் தன் நிலையை உறுதியாகக் கூறவில்லை, அவன் மதிப்பைக் கேட்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்பு பிறர் தருவது என்ற இலத்தீன் வேரின் கொடுமை இங்கு வெளிப்படுகிறது. ஆண் ‘ஆனஸ்ட்’ ஆக இருக்கலாம். பெண்ணை அவ்வாறு இருப்பதாகப் பிறர் கருத வேண்டும்.

பியாங்கா இவ்விதியை ஏற்க மறுக்கிறாள். 1623ஆம் ஆண்டுத் தொகுப்பின் பாத்திரப் பட்டியல் அவளைக் கணிகை என்று குறிக்கிறது. எமிலியா அவளை வேசி என்று பழித்தபோது, தன் வாழ்வும் பழிக்கும் உன் வாழ்வைப் போலவே ‘ஆனஸ்ட்’ என்கிறாள் பியாங்கா. எமிலியா அருவருத்து ஒதுக்குகிறாள். காசியோவைக் கொல்ல முயன்றவனின் மனைவி, காசியோவுக்காக அழும் பெண்ணைப் பார்த்து முகஞ்சுளிக்கிறாள். தான் யாருடைய மனைவி என்பது எமிலியாவுக்கு அப்போது தெரியாது. நாடகத்தில் இச்சொல்லைத் தன்னுரிமையாகக் கேட்கும் ஒரே பெண் பியாங்கா. அவளுக்கு அது மறுக்கப்படுகிறது. திறனாய்வாளரும் பெரும்பாலும் எமிலியாவின் பக்கமே நின்றுவிட்டனர்.

எமிலியாவின் நிலை நேர்கோட்டில் செல்வதன்று. மனைவியர் வழுவுவது கணவர் குற்றமே, பெண்ணுக்கும் புலன்கள் உண்டு என்று அவள் பேசும் புகழ்பெற்ற உரை 1622ஆம் ஆண்டுத் தனிப்பதிப்பில் இல்லை. 1623 தொகுப்பில்தான் உள்ளது. தனிப்பதிப்பை மட்டும் படித்தவர் வேறோர் எமிலியாவையே கண்டிருப்பார். இறுதிக் காட்சியில் அவள் என் கணவனா, என் கணவனா என்று திரும்பத் திரும்பக் கேட்க, ஒத்தெல்லோ ‘ஆனஸ்ட்’ என்பதை அடுத்தடுத்து இருமுறை சொல்லி இயாகோவைக் குறிக்கிறான். இப்போது எதிரொலிப்பவள் எமிலியா. கணவனின் எதிரொலி பொருளைக் கலைத்தது. இவளுடையது பொருளைத் தேடுகிறது.

இறுதிக் காட்சியில் நிகழும் பிரிவு

உண்மை வெளிப்பட்டபின் ஒத்தெல்லோவின் வாள் பறிக்கப்படுகிறது. மதிப்பு மட்டும் ஏன் ‘ஆனஸ்டி’யைவிட நீண்டு வாழ வேண்டும் என்று அவன் தன்னையே கேட்கிறான். மதிப்பைக் குறிக்கும் ‘ஆனர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். தாய்ச்சொல்லையும் மகள்சொல்லையும் அருகருகே வைத்து இரண்டையும் அவன் கைவிடுகிறான். இங்கு எது பொருள்? டெஸ்டிமோனாவின் கற்பா, இயாகோவின் நம்பகமா, தன் நீதியா? மூன்றும் என்பதே விடை. எம்ப்சன் கருதியபடி பொருள்கள் ஒன்றாக நிற்கும் இடம் இது.

அதன்பின் சில வரிகளில் எமிலியா இறக்கிறாள். இறக்குமுன் டெஸ்டிமோனாவைப் பற்றி அவள் தரும் சான்றுரையில் ‘ஆனஸ்ட்’ இல்லை. கற்பை மட்டுமே குறிக்கும் ‘சேஸ்ட்’ என்ற சொல்லை ஆள்கிறாள். முன்பு நான்காம் அங்கத்தில் தன் தலைவிக்காகப் பந்தயம் கட்டியபோது அவள் ‘ஆனஸ்ட்’ என்றே தொடங்கினாள். இப்போது அதனைத் தொடவில்லை. இயாகோவின் மேல் அவ்வளவு முறை ஒட்டப்பட்ட ஒரு சொல் இறந்தவளுக்குச் சாட்சி சொல்லத் தகுதி இழந்துவிட்டது. ஆண் அளவுகோலும் பெண் அளவுகோலும் கலந்த சொல்லிலிருந்து பெண்ணுக்குரிய பொருளை அவள் பிரித்தெடுத்து, வேறு பாத்திரத்தில் வைக்கிறாள். தெரித்து மொழிதல் ஒருவழியாக நிகழ்கிறது, கேட்க வேண்டியவள் இறந்த பிறகு.

தமிழில் ஒரு சொல் தேடி

1963இல் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஒத்தெல்லோவாகத் தோன்றும் மேடைக்காட்சி ஆங்கிலத்திலேயே அமைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வழி இல்லை. இடத்துக்கு ஏற்ப நேர்மை, கற்பு, விசுவாசம், நல்லவன் என்று மாற்றி மாற்றிப் பெயர்ப்பதே இயல்பான முறை. ஒவ்வொரு வாக்கியமும் தெளிவாகும். ஆனால் அந்தத் தெளிவால் மூன்றாம் அங்கம் சரிந்துவிடுகிறது. காசியோ நேர்மையானவன் அல்லனா என்று தொடங்கி டெஸ்டிமோனா கற்புடையவள் என்று முடித்தால், ஒத்தெல்லோ காரணமின்றிப் பேச்சை மாற்றியவனாகிறான். அவன் மடமை மட்டுமே எஞ்சுகிறது. இயாகோவின் திறன் மறைந்துபோகிறது.

ஒரே சொல் வேண்டும். நாணயம் கொடுக்கல் வாங்கலைத் தாண்டாது. உத்தமன், உத்தமி என்ற இணை ஆணுக்கும் பெண்ணுக்கும் தரும் வேறு வேறு எடை மூலத்தோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. பெண்பால் வடிவம் உடனே கற்பைச் சுட்டுகிறது. எனினும் அதில் மேலோர் கீழோரைத் தட்டிக்கொடுக்கும் தொனி இல்லை. புராண மணம் மிகுதி.

யோக்கியம் இதைவிடப் பொருந்துகிறது. தகுதி என்ற வடமொழி வேர், மதிக்கத் தக்கவன் என்ற இலத்தீன் பொருளுக்கு அருகில் உள்ளது. யோக்கியமானவன் என்றால் கைச்சுத்தம், வாய்ச்சுத்தம். யோக்கியமான பெண் என்றால் ஊர் கேட்பது வேறு. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்ற பழமொழி இயாகோவைக் காணாமலே அவனுக்கு எழுதப்பட்டதுபோல் உள்ளது. யோக்கியதை என்ற கிளைச்சொல் பதவிக்கான தகுதியையும் குறிக்கிறது. தன் மதிப்பு தனக்குத் தெரியும், அந்தப் பதவிக்குத் தான் குறைந்தவன் அல்லன் என்பதே முதற்காட்சியில் இயாகோவின் மனக்குறை. ஆங்கிலத்தில் இல்லாத இவ்விணைப்பைத் தமிழ் தானாகவே கொடுக்கிறது.

இழப்புகளும் உண்டு. இன்றைய பேச்சில் யோக்கியன் பெரும்பாலும் கிண்டலாகவே ஒலிக்கிறது. அயோக்கியன் என்ற எதிர்ச்சொல்லே நேர்ப்பொருளில் வாழ்கிறது. மேடையில் ஒத்தெல்லோ இச்சொல்லைக் கனிவோடு சொல்லும்போது அரங்கு சிரிக்கக்கூடும். நடிகர் அச்சிரிப்பைத் தாங்கிப் பேச வேண்டியிருக்கும். மானமும் யோக்கியமும் ஒரு வேரினவல்ல என்பதால் ஐந்தாம் அங்கத்துத் தன்வினாவில் தாய்ச்சொல் மகள்சொல் உறவு கிட்டாது. அவ்விடத்தில் மரியாதை என்று பெயர்த்தாலும் நிலைமை மாறாது.

இச்சொல்லைத் தேரும் மொழிபெயர்ப்பாளர் ஐம்பத்திரண்டு இடங்களிலும், வாக்கியம் நெருடினாலும், அதனைக் கைவிடாமல் கொண்டுசெல்ல வேண்டும். கற்பு என்ற சொல்லை அதுவரை தொடாமல் வைத்திருக்கவும் வேண்டும். நான்காம் அங்கத்தில் எமிலியா இரு சொற்களையும் அடுத்தடுத்து ஆளும் ஓரிடத்தில் மட்டும் இது இடறும். அங்குத் தூய்மை என்ற சொல்லைக்கொண்டு ஒருவாறு கடந்துவிட்டால், கணவன் கத்தியால் குத்தப்பட்டு, தலைவியின் கட்டிலருகே கிடக்கும் எமிலியாவின் வாயில்தான் அச்சொல் முதன்முறையாகக் கேட்கும்.